ஊட்டற் குழாயும் அதனை அகற்றும் முறையும்

விழுங்கும் ஆற்றலை இழந்த நோயாளர்க்கு, இரைப்பையினுள் நேரே உணவைச் செலுத்தும் குழாய் உயிர்காக்கும் கருவியாகும். வயிற்றைப் பெரிதாகக் கீறாது, வாய்வழியே செலுத்தும் அகநோக்கியின் துணைகொண்டு அதனைப் பொருத்தும் முறையை 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல் கோடரர், ஜெவ்ரி பொன்ஸ்கி என்னும் மருத்துவர் இருவர் தொடக்கி வைத்தனர். குழாயை இடுதல் பற்றி வினவுவோர் பலர். எடுத்தல் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஆயின் எடுத்தலிலும் இடர் உண்டு.

அவ்விடரை உணரக் குழாய் செல்லும் வழியை அறிதல் வேண்டும். இரைப்பையும் வயிற்றுச் சுவரும் இயல்பாக ஒட்டியவை அல்ல. குழாயைச் சூழ்ந்து தழும்பிழையம் வளர்ந்து, இரண்டையும் இணைக்கும் வழியொன்று உண்டாகின்றது. அது உறுதிபெற ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் செல்லும். போசாக்குக் குன்றியோரில் மேலும் தாமதமாகும். அதற்குமுன் குழாய் கழன்றால், இரைப்பை சுவரினின்று விலகி, அதன் உள்ளடக்கம் வயிற்றறையினுட் கசிந்து, உயிராபத்தான அழற்சியை விளைவிக்கலாம். கழன்ற குழாயை மீளச் செருகினால் அதுவும் வயிற்றறையினுட் செல்லக்கூடும். ஆதலின் வீட்டார் எதனையும் செருகாது, நோயாளரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

உறுதிபெற்ற வழியிலோ இடர் வேறுவகையானது. குழாய் கழன்ற சில மணி நேரத்திலேயே அவ்வழி சுருங்கத் தொடங்கும். குழாய் இன்னும் தேவைப்படும் நோயாளராயின் அப்போதும் தாமதித்தல் ஆகாது. புதிய குழாய் இரைப்பையினுள்ளேயே உள்ளதென வைத்தியர் உறுதிசெய்த பின்னரே உணவூட்டல் தகும்.

நோயாளர் வாயால் போதிய அளவு உண்டு உடல் நிறையைப் பேணுகின்றார் எனக் கண்ட பின்னரே குழாயை முற்றாக அகற்றுவர். அம்முறை, உள்ளிருந்து குழாயைத் தாங்கும் பகுதியைப் பொறுத்தது. நீர் நிரப்பிய பலூனாயின், நீர் முழுவதையும் ஊசிக்குழலால் உறிஞ்சியபின் மெல்ல இழுப்பர். வட்டத் தகடாயின், அதன் வகைக்கேற்ப வெளியிலிருந்து இழுத்தோ அகநோக்கி வழியாகவோ எடுப்பர். சிலவேளை மிக இறுகப் பொருத்திய தகடு இரைப்பைச் சுவரினுட் புதைந்துவிடும். குழாய் உள்நோக்கி நகராமை அதன் அறிகுறி. அந்நிலையில் வலிந்து இழுத்தல் சுவரைக் கிழிக்கும்.

அகற்றியபின் உலர்ந்த தூய கட்டு இட்டால் துவாரம் பெரும்பாலும் சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். நெடுங்காலம் குழாய் இருந்தவரில் அது மூடாது கசிதலும் உண்டு. கசிவு நீடிப்பின், அல்லது காய்ச்சல், கடும் வயிற்றுவலி, குருதிப்போக்கு என்பன தோன்றின், வைத்தியரை நாடல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்க எளிய காரியம் ஒன்றுண்டு. குழாய் இடப்பட்ட நாளையும் அதன் வகையையும் எழுதி வைத்தலே அது. குழாய் கழன்ற வேளையில் வைத்தியர் முதலில் வினவுவன அவ்விரண்டுமே.