பனிக்கு முன் துளசி

துளசிக்குக் கடுங்குளிர் ஆகாது. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய செடி, டில்லியில் ஒரு ஜனவரிப் பனியில் பட்டுப்போனது. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது.

நவம்பரிலேயே, காலை ஈரம் உலர்ந்ததும் பறியுங்கள். இலையை உருவாமல், கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளினால் இரு பக்கமும் துளிர்க்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

வெயிலில் காய்ந்தால் மணம் போய்விடும். நிழலில், துணியின் மேல் பரப்புங்கள். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முற்றிய கதிர்களை உதிர்த்து விதையும் சேமியுங்கள். மார்ச்சில் குளிர் விட்டதும் தூவலாம். பட்டுப்போன அந்தச் செடியின் கதிரில் கிடைத்த விதையின் வழிவந்ததுதான், இன்று எங்கள் மாடியில் நிற்கும் துளசி.