ஒரு சுற்றுக்கு ஒரு புடவை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் நடந்து செல்கிறவர்கள், தறிகளின் சத்தத்துக்கு ஊடே வேறொரு மெல்லிய ஓசையையும் கேட்டிருப்பார்கள். கூடத்திலோ திண்ணையிலோ உட்கார்ந்து ஊடைப் பட்டைத் தாரில் சுற்றுகிற பெண்களின் ராட்டை எழுப்பும் ஓசை அது. அந்த ராட்டைகள் பலவற்றில் பெரிய சக்கரமாக அமைந்திருப்பது, டயர் கழற்றிய பழைய சைக்கிள் சக்கரமே. பக்கத்து வீட்டு அம்மாள் அதைச் சுழற்றுவதை ஒருநாள் அருகே உட்கார்ந்து பார்த்தேன். வலது கை சக்கரத்தை ஒரு முறை சுற்றி வருவதற்குள், கயிற்றால் அதனோடு பிணைக்கப்பட்ட சிறிய கதிர் ஏறக்குறைய 30 முறை சுழன்றுவிடுகிறது. சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ.; கதிரில் கயிறு ஓடும் இடத்தின் விட்டமோ 2 செ.மீ.தான். இடது கையின் விரல்களுக்கு நடுவே பட்டிழை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கையின் வேகத்தை முப்பது மடங்காகப் பெருக்கியும் அந்த அம்மாளுக்குக் களைப்பு தோன்றாததற்குக் காரணம், பட்டிழைக்குப் பாரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாமையே. அதே கதிரில் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டி இழுக்கச் சொன்னால் கை சலித்துப்போகும், கயிறும் வழுக்கிவிடும். பாரத்தைப் பார்த்து விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும். கியர் சாஸ்திரத்தின் மூலதத்துவம் இதுதான்.

என் அண்ணன் மகன் முதன்முதலாக ஒரு ரோடு பைக் வாங்க விரும்பி, "சித்தப்பா, பதினாறு கியர் போதுமா, இருபத்திரண்டு வேண்டுமா?" என்று கேட்டபோது, அந்த ராட்டைதான் என் நினைவுக்கு வந்தது. இருக்கிற கியர்களில் மிகச் சிறியது எது என்பதையே கடைக்காரரிடம் முதலில் விசாரிக்கும்படி அவனுக்குச் சொன்னேன். அவன் அதை நம்பவில்லை. ஆகவே, முற்றத்தில் சாத்தியிருந்த பழைய ஹெர்குலிஸ் சைக்கிளை வெளியே கொண்டுவரச் செய்தேன்.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியார் அம்பத்தூரில் செய்து, தமிழ்நாடெங்கும் ஓடவிட்ட கறுப்பு வண்டிகளுள் அதுவும் ஒன்று. நெய்து முடித்த புடவைகளை என் தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோனது அதில்தான். செயின்வீலின் பற்களை எண்ணினோம், 44. பின்சக்கரத்து ஃபிரீவீலில் 18. ஒரு பெடலைத் தரையை நோக்கி நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் கோலமாவால் ஒரு கோடு கிழித்து, பெடல் முழுச் சுற்று சுற்றி மறுபடியும் கீழே வந்து சேரும்வரையில் வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய், அங்கே இன்னொரு கோடு கிழித்து அளந்தபோது, இரண்டு கோடுகளுக்கும் இடையே ஐந்தரை மீட்டருக்கு ஓரிரு விரற்கடையே குறைவாக இருந்தது. ஒரு புடவையின் நீளம் அது. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. போகலாம். பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் வரையில் மேடு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாத நம் ஊருக்கு இந்த ஒரே விகிதம் போதுமானதாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் ரோடு பைக் வாங்குகிறவன் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை. இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் திருத்தணி மலைப்பாதைக்குப் போவான். பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரியும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையும் அவனை அழைக்கும். 100 மீட்டர் போவதற்குள் 6 மீட்டர் உயருகிற ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. வேகம் மணிக்கு 10 கி.மீ. பாரத்தை உயரத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 130 வாட் சக்தி தேவைப்படுகிறது. இந்தக் கணக்கை எந்தக் கியராலும் மாற்ற முடியாது. அந்தச் சக்தியைச் சில பெரிய உதைகளாகக் கொடுப்பதா, பல சிறிய உதைகளாகக் கொடுப்பதா என்பதை மட்டும் கியர் தீர்மானிக்கிறது. பழைய ஹெர்குலிஸில் அந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு 30 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலைப் பிழிந்தெடுக்கும். ஆகையால்தான் மேடு வந்ததும் நம் பெரியவர்கள் இறங்கித் தள்ளினார்கள்.

பந்தயக்காரர்களுக்கென்று வெகுகாலமாக வழங்கி வந்த அமைப்பில் முன்னே 53, 39 பற்கள்; பின்னே மிகப் பெரிய பல்சக்கரம் பெரும்பாலும் 25. முன்னே 39, பின்னே 25 என்று வைத்தால், 2.1 மீட்டர் சுற்றளவுள்ள ரோடு பைக் சக்கரம் ஒரு மிதிச் சுற்றுக்கு 3.3 மீட்டர் ஓடும்; நம்முடைய மேட்டில் நிமிஷத்துக்கு 51 சுற்று. கம்பாக்ட் என்று வழங்கும் 50, 34 அமைப்பில், பின்னே 28 இருந்தால் 65 சுற்று. 32 இருந்தால் 75. அதே மேடு, அதே வேகம், அதே சக்தி. ஆயினும் 39-க்கு 25 வைத்தவனுடைய பலத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு 32 உள்ளவன் ஒவ்வொரு சுற்றிலும் மிதித்தால் போதும். பயிற்சி பெற்றவர்கள் சமவெளியில் 90 சுற்று வரை மிதிக்கிறார்கள். புதியவனுடைய கால்களுக்கு 60-க்கும் 80-க்கும் இடைப்பட்டதே இயல்பாக வரும். மேட்டிலும் அந்த இயல்பைக் காப்பாற்றித் தருவதே சிறிய கியரின் உபகாரம்.

சிறிய கியர் பலவீனர்களுக்கு உரியது என்ற அபிப்பிராயம் இளைஞர்களிடையே இன்னும் இருக்கிறது. அது மிகப் பழைய பிழை. செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே மாற்றும் டீரெய்லரை டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரையில் அனுமதிக்கவில்லை. அதற்கு முன்னெல்லாம் மாவீரர்களும் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவீ, பல கியர்களின் நன்மையை ஆயுள் முழுவதும் எடுத்துச் சொல்லி, 1930-இல் காலமானார். அவர் சொன்னதைப் பந்தயம் ஏற்க மேலும் ஏழு வருஷங்கள் ஆயின.

பெரிய கியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னே 50, பின்னே 11 என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்பதரை மீட்டர்; மடிசார் கட்டும் ஒன்பது கஜத்தையும் மிஞ்சிய நீளம். அதை 90 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல். சென்னையிலிருந்து நடத்தப்படும் பிரெவே என்ற 200 கி.மீ. நெடுந்தூரச் சவாரிக்கு அனுமதிக்கப்பட்ட நேரமே பதின்மூன்றரை மணி, அதாவது சராசரி 15 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால், முதல் வண்டியில் எந்தக் கோடிக்கு மதிப்புக் கொடுக்க வேண்டுமென்பது விளங்கும்.

எண்ணிக்கையிலும் ஒரு மயக்கம் உண்டு. 50-க்கு 28 என்பதும் 34-க்கு 19 என்பதும் ஏறக்குறைய ஒரே விகிதம். பதினாறு கியர் என்று சொல்லப்படும் வண்டியில் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிகிறவற்றைக் கழித்தால், உண்மையில் வேறுபட்டவை பத்துப் பதினொன்றே தேறும். அதனால் குறையொன்றும் இல்லை. முன்னே பெரிய பல்சக்கரத்தோடு பின்னேயும் பெரியதைச் சேர்த்துச் செயினைக் கோணலாக இழுக்க வேண்டிய அவசியம் நேராமல் இருப்பதற்கு, அந்த இரட்டிப்பே உதவுகிறது.

அவனுடைய பட்ஜெட்டுக்குள் கிடைத்த வண்டியில் பின்னே 11 முதல் 28 பல் வரை கொண்ட கேசட் என்னும் பல்சக்கரத் தொகுதிதான் இருந்தது. 32 உள்ள கேசட்டைப் போட்டுத் தரக் கடைக்காரர் சம்மதித்தார். ஆனால் அதற்கு முன், பின்புற டீரெய்லர் அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா, செயினின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. டீரெய்லர் தாங்கும் வகையாகவே இருந்தது. செயினைத்தான் சற்று நீளமானதாக மாற்றினார்கள். பற்களை எண்ணிப் பார்த்துவிட்டே பணம் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அவனே கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, மிகச் சிறிய கியருக்குக் கோடு கிழித்து அளந்தான். இரண்டேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாலு முழ வேட்டியைவிட ஒரு சாண் நீளம்.