கூடிக் கணக்கிடும் கம்ப்யூட்டர்கள்

தஞ்சையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் துவாக்குடியைக் கடந்து போகிறவர்களில், அங்குள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைப் போடவல்ல 'பரம் பொருள்' என்னும் சூப்பர் கம்ப்யூட்டர் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டதை அறிந்தவர் சிலரே இருக்கக்கூடும். அதைக் கேள்விப்படும் சாமானியர், ராட்சதப் பிரமாணமுள்ள ஒற்றை யந்திரத்தைக் கற்பனை செய்துகொள்வது இயல்பு. உண்மையிலோ இக்காலத்துச் சூப்பர் கம்ப்யூட்டர்கள் அநேகமாக யாவும், பல கம்ப்யூட்டர்களைப் பிணைத்து அமைத்த கூட்டங்களே.

முன்பு நிலைமை வேறு. 1980-களில் அதிவேகக் கணக்கு என்றால் அமெரிக்காவின் கிரே யந்திரம்தான். அதன் விலையோ பல கோடி, அதை விற்க அந்நாட்டு அரசாங்கம் விதித்த நிபந்தனைகளோ அநேகம். அந்த நிர்ப்பந்தத்தின் விளைவாகத்தான் 1988-இல் புனேயில் சி-டாக் என்னும் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி ஸ்தாபனம் தோன்றி, 1991-இல் பரம் 8000 யந்திரத்தை உருவாக்கியது. ஆயினும், கையில் பணமில்லாத விஞ்ஞானிக்கு வழி பிறந்தது 1994-இல். அவ்வாண்டு நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்னும் இருவர், அக்காலக் கடைகளில் கிடைத்த 486 வகைக் கம்ப்யூட்டர்கள் பதினாறை ஈதர்நெட் கம்பிகளால் இணைத்து, எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவற்றில் ஏற்றி, 'பேயோவுல்ஃப்' என்று பெயரிட்டு இயக்கிக் காட்டினார்கள்.

அதே மார்க்கத்தில் தமிழ்நாட்டில் எழுந்த முயற்சி, சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 2004-இல் அமைத்த 'கப்ரு'. இமயச் சிகரம் ஒன்றின் பெயர் தாங்கிய அக்கூட்டத்தில், இரண்டிரண்டு ஜியான் சில்லுகள் கொண்ட 144 கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் இயங்கின. வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கணக்குகள் என்ற வேகத்தால், உலகின் தலைசிறந்த 500 யந்திரங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

வேலையைப் பங்கிடுவது எளிது. பங்காளிகளை ஒருமுகப்படுத்துவதிலேதான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. குறுவை நடவில் வரிசையாக நின்று பின்னோக்கி நகர்ந்தவாறு நாற்று நடும் பெண்களுள் ஒவ்வொருத்தியும், தன் பட்டையைக் கவனிப்பதோடு பக்கத்தவளின் நாற்றுக்கும் தன் நாற்றுக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் வரிசை முழுவதும் தடைப்படும். கப்ருவின் பிரதான வேலையும் அத்தகையதே. அணுக்கருவின் உள்ளே இயங்கும் விசைகளை ஆராய, வெளியையும் காலத்தையும் எண்ணற்ற புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு துண்டைக் கொடுக்கிறார்கள். துண்டின் விளிம்பிலுள்ள மதிப்புகள் அண்டைத் துண்டைச் சார்ந்தவை ஆதலால், ஒவ்வொரு படியிலும் அவற்றை அண்டைக் கம்ப்யூட்டரோடு பரிமாறிக்கொள்வது அவசியம். ஆகவேதான் அந்த 144 யந்திரங்களையும் 6, 6, 4 என்ற முப்பரிமாண அடுக்காக வகுத்து, ஒவ்வொன்றையும் ஆறு அண்டை யந்திரங்களோடு நேரே பிணைத்தார்கள். எத்தனை யந்திரங்களைச் சேர்த்தாலும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது: ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க இயலாததாக இருந்தால், ஆயிரம் யந்திரங்கள் கூடினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

நம் டெல்டாவுக்கு இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். நெல்லின் மரபு வரிசை 12 குரோமோசோம்களில் சுமார் 39 கோடி எழுத்துகளாக விரிகிறது. இந்தியாவும் பங்குகொண்ட சர்வதேச முயற்சியால் அதைப் படித்தறியும் பணி 2005-இல் நிறைவு பெற்றது. பின்னர் 3,000 ரகங்களின் வரிசைகளும் பொதுவில் வைக்கப்பட்டன. ஒரு ரகத்தின் வரிசையை மூலத்தோடு ஒப்பிடும் வேலைக்கு மற்றொரு ரகத்தின் விடை வேண்டியதில்லை ஆகையால், இங்கே கம்ப்யூட்டர்கள் தம்முள் ஓயாமல் பேசிக்கொள்ளத் தேவையில்லை. விலையுயர்ந்த இணைப்புகள் இன்றி, ஒரு சாதாரண ஸ்விட்சும் கேபிள்களுமே போதும். நீரில் மூழ்கியும் பிழைக்கும் ரகத்தைத் தேடுகிறவர்களுக்கு மிக மலிவான கூட்டமே பொருந்துகிறது என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

மின்சாரச் செலவும், யந்திரங்கள் கக்கும் வெப்பமும், பழுதுகளும் சிறியவையல்ல. வேகத்தை மட்டும் கருதினால் பழைய கம்ப்யூட்டர்கள் பத்தைவிடப் புதிய யந்திரம் ஒன்றே மேலானதாக இருக்கவும் கூடும். ஆனால் கூட்டத்தைத் தன் கையால் கட்டிய மாணவன் கற்றுக்கொள்ளும் வித்தையை, விலைக்கு வாங்கிய யந்திரம் கற்றுத் தராது. ஆகவே தஞ்சை, கும்பகோணம், திருவாரூர் வட்டாரக் கல்லூரிகள், தம் ஆய்வகங்களில் ஒதுக்கி வைத்திருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களைக் கொண்டேனும் இந்தப் பயிற்சியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.