வெடிக்கும் முன்னே மிரளும் கை

டெக்சாஸ் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 1996 முதல் உரிமம் தருகிறார்கள். 2021 செப்டம்பருக்குப் பின் பெரும்பாலோருக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் வேறு பல மாநிலங்களில் செல்லுபடியாகும் என்பதால் இன்றும் தேர்வுக்கு வருகிறார்கள்.

மொத்தம் 50 தோட்டா. ஆள் உருவம் அச்சிட்ட தாள்தான் இலக்கு. 3 கெஜத்திலிருந்து 20, 7 கெஜத்திலிருந்து 20, 15 கெஜத்திலிருந்து 10. மதிப்பெண் 250க்கு 175 எடுத்தால் போதும். 3 கெஜம் என்பது ஒரு சின்ன அறையின் நீளம். அங்கிருந்துமா குறி தப்பும்? தப்புகிறது, புதியவர்களுக்குப் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக.

துப்பாக்கியின் உதைப்பைக் குறை சொல்வார்கள். கணக்கு ஒத்துவராது. 10 செ.மீ. குழலைக் கடக்கக் குண்டுக்கு ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. சத்தம் கேட்டுக் கை அசைவதற்கோ அதைப்போலப் பல பத்து மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் குண்டு தாளைத் துளைத்திருக்கும். ஆக, குறியைக் கெடுப்பது நடந்த வெடிப்பு அல்ல, நடக்கப்போகும் வெடிப்பு. ஆட்டோ பள்ளத்தில் இறங்கப்போகிறது என்று தெரிந்ததும் உடம்பு தானாக இறுகுமே, அப்படித்தான். சில தோட்டாக்களிலேயே மூளை பாடம் கற்றுக்கொண்டு, உதைப்பைத் தாங்க மணிக்கட்டை முன்கூட்டியே கீழே அழுத்திவிடுகிறது. அந்த அழுத்தம் தவறே இல்லை. குண்டு வெளியேறிய பிறகு வந்தால் துப்பாக்கியை மீண்டும் குறிக்குக் கொண்டுவர உதவும். வரும் நேரம்தான் தப்பு.

குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் 15 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். முன்முனை 1 மி.மீ. தாழ்ந்தால் 3 கெஜத்தில் சுமார் 2 செ.மீ. விலகும், 15 கெஜத்தில் 9 செ.மீ.

இந்த மிரட்சியைப் பிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல், வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் செருகிவிடுவார்கள். அதன் முறை வரும்போது சத்தமே இல்லை, குழல்முனை மட்டும் படக்கென்று குனியும். நானில்லை என்று யாரும் சாதிக்க முடியாது! பிறகு வீட்டில், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியின் விசையை மெதுவாக அழுத்திப் பழக வேண்டும். விசை என்றால் வெடி என்று மூளை போட்ட முடிச்சு அப்படித்தான் தளரும். கைத்துப்பாக்கியின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். அதனால் காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் கவசமும் போட்டுக்கொண்டால் மிரட்சி இன்னும் குறையும்.

பயிற்சி நேரத்தை எங்கே செலவிடுவது? கிட்டத்துத் தோட்டாக்கள் 40க்கும் முழு மதிப்பெண் விழுந்தால் 200. 15 கெஜத்தில் சுட்ட பத்தில் ஒன்றுகூடத் தாளைத் தொடாவிட்டாலும் தேர்ச்சிதான்.