சுகர்காரர்கள் கூடிப் பேசினால்...

அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டோஸ் ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை இறங்குவதாக இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழு வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொல்ல, அரைமனதோடுதான் அழைத்துப் போனேன்.

பத்துப் பன்னிரண்டு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நர்ஸம்மா. "ஊசி எங்க போடறீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். "தொப்புளுக்கு வலது பக்கம்" என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். "தினமும் அங்கேயேவா?" "அங்கதாம்மா வலிக்கல."

அந்த இடத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னார் நர்ஸம்மா. ரப்பர் மாதிரி ஒரு புடைப்பு. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டிருந்தது. அங்கே வலி குறைவுதான். ஆனால் மருந்தும் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அம்மா சேலை மறைவில் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் இருந்தது.

"இடத்தை மாத்துங்க. ஆனா புது இடத்துல அதே டோஸ் திடீர்னு நல்லா வேலை செஞ்சு லோ சுகர் ஆயிடலாம். டாக்டரைக் கேட்டு அளவை முடிவு பண்ணுங்க" என்றார். ஒரு வருடமாக எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். நாங்களும் கேட்டதில்லை.

டாக்டரிடம் கேட்காத கேள்விகள்

ஓ.பி. வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, கல்யாணப் பந்தி இரண்டு மணிக்கு என்றால் மாத்திரையை எப்போது போடுவது என்று எப்படிக் கேட்பது? குழுவில் அதை யாராவது கேட்டுவிடுகிறார்கள். கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

ராகிக் கூழ் பற்றி அன்று ஒரு சண்டையே நடந்தது. சுகருக்கு நல்லது என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தன் மீட்டரில் பார்த்த எண்ணைச் சொன்னார் ஓர் அம்மா. அறையே அமைதியாகிவிட்டது. ராகியும் மாவுச்சத்துதான்; அளவு முக்கியம் என்று சுவரொட்டி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

லோ சுகர் பற்றிய பேச்சும் அப்படித்தான். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

ஒரு நாள் வகுப்பு போதுமா?

போதாது. பிரிட்டனில் 'டெஸ்மண்ட்' என்ற குழுக் கல்வித் திட்டத்தை, புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 824 பேரிடம் ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் ஆறு மணி நேர வகுப்பு. ஓராண்டு கழித்து எடை கூடுதலாகக் குறைந்திருந்தது. நோயைப் பற்றிய புரிதல் கூடியிருந்தது, மனச்சோர்வும் குறைவு. ஆனால் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யில், வகுப்புக்கு வராதவர்களோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசமில்லை.

சென்னையில் நடந்த 'டி-கிளிப்' ஆய்வு வேறு வகை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, எடை கூடிய 578 பேர் அதில் சேர்ந்தார்கள். வகுப்பில் சேர்க்கப்பட்டவர்களுக்கு வாரம் ஒன்றாக 16 குழு வகுப்புகள், பிறகும் தொடர்பு, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின். மூன்றாண்டு முடிவில் நோய் வரும் அபாயம் 32 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளும் விளிம்பில் இருப்பவர்களும் ஒன்றல்ல. நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் திரும்பத் திரும்ப உட்கார்ந்தால்தான் பழக்கம் மாறும் என்பதே என் எண்ணம்.

பொடி விற்பவர் ஜாக்கிரதை

எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டமல்ல. "நெல்லிச்சாறு குடிச்சேன், மாத்திரையை விட்டுட்டேன்" என்று ஒருவர் எழுந்தால், அதைத் திருத்தப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கடைசியில் டப்பா விற்றால் அது வகுப்பே இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த செக்கப்பில் குழு வகுப்பு உண்டா என்று கேளுங்கள். போகும்போது மீட்டரையும் ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால், அவரையும் கூட அழைத்துப் போங்கள்.