இரண்டு படங்கள் ஒன்றாகும் விதம்

இரண்டு படங்களை ஒன்றாக்குவதில் மூன்று வகை உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து ஒட்டுவது ஒரு வகை. ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்து, மேலுள்ளதை ஒளி ஊடுருவும்படி ஆக்கி, இரண்டும் சேர்ந்து தெரியச் செய்வது இன்னொரு வகை. ஒரு படத்திலிருந்து ஆளையோ பொருளையோ வெட்டியெடுத்து மற்றதற்குள் நிறுத்துவது மூன்றாவது. இதற்கென இணையத்தில் இருக்கும் தளங்களும் செயலிகளும் எந்தப் பெயரில் வந்தாலும் இந்த மூன்றையோ, இவற்றின் கலவையையோதான் செய்கின்றன.

அருகருகே ஒட்டுவது எளிது. அன்றாடம் அதிகம் தேவைப்படுவதும் அதுதான். ஆதார் அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் கேட்கும்போது ஜெராக்ஸ் கடையில் செய்து தருவது இந்த வேலையைத்தான். இதில் கவனிக்க வேண்டியது அளவு. போனில் எடுத்த படம் 3000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது, வாட்ஸ்அப்பில் வந்த படம் 1200 அகலமும் 1600 உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பெரியதை 1200-க்கு 1600 ஆகச் சுருக்கி ஒட்டினால் 2400-க்கு 1600 அளவில் ஒரே படம் கிடைக்கும், இரண்டு பாதியும் ஒத்த தெளிவில் இருக்கும். சிறியதைப் பெரிதாக்கினால், அதில் இல்லாத நுணுக்கத்தைக் கணினி பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். அந்தப் பாதி மட்டும் மங்கலாக நிற்கும். அச்சிடுவதற்கு என்றால் கணக்கு இன்னும் கறார். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் நிரப்ப 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும்.

ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும் முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு கூட்டல் நடக்கிறது. சாதாரணப் படத்தில் ஒரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரையான எண்கள். மேல் படத்தில் சிவப்பு 200, கீழ்ப் படத்தில் 100, மேல் படத்தின் அடர்த்தி 40 சதவீதம் என்றால், 200-இல் 40 சதவீதமான 80-உம், 100-இல் மீதி 60 சதவீதமான 60-உம் சேர்ந்து 140 ஆகும். லட்சக்கணக்கான பிக்சல்களுக்கு இதே கணக்கை மூன்று நிறத்துக்கும் போட்டால் படம் தயார். மூன்று நிறங்களோடு நான்காவதாக ‘எவ்வளவு மறைக்கிறது’ என்ற எண்ணையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் சேர்த்து வைக்கும் யோசனை 1970-களின் பிற்பகுதியில் கணினி வரைகலை ஆய்வாளர்களான எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரிடமிருந்து வந்தது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர். படங்களை அடுக்கும் கணக்கு முழுவதையும் லூகாஸ்ஃபிலிம் திரைப்பட நிறுவனத்தில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இன்று போனில் விரலால் இழுத்துப் படம் சேர்க்கும்போதும் உள்ளே ஓடுவது அந்தக் கணக்குதான். பிஎன்ஜி கோப்பில் இந்த ஆல்ஃபாவுக்கு இடம் உண்டு, ஜேபிஜியில் கிடையாது. பின்னணி நீக்கிய படத்தை ஜேபிஜியாகச் சேமித்ததும், நீக்கிய இடமெல்லாம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடுவது இதனால்தான்.

மூன்றாவது வகைதான் கடினமானது, பழமையானதும்கூட. கணினிக்கு வெகுகாலம் முன்பே, ஒளிப்படக் கலை தொடங்கிச் சில பத்தாண்டுகளிலேயே, அதைச் செய்திருக்கிறார்கள். 1850-களில் புழங்கிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கின. கடலுக்குச் சரியாக ஒளி காட்டினால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை வேறொரு தகட்டிலும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு பெரிய படம் உருவாக்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து, நோயுற்றுச் சாகும் பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தையும் காட்டும் படத்தைச் செய்தார்.

தமிழ் சினிமா ரசிகர்களும் இந்த வித்தையை நெடுநாளாகப் பார்த்து வருகிறார்கள். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிகளில் வழக்கமாகக் கையாண்ட முறை மாஸ்க். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் படம்பிடிப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து, அதே நடிகரை இன்னொரு வேடத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு தெரிந்துவிடும்.

ஊர்ப்பக்கத்து ஸ்டுடியோக்களில் இந்தத் தொழிலுக்கு மனசைத் தொடும் ஒரு பயன் இருந்தது, இன்றும் இருக்கிறது. சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்த தாத்தா பாட்டிகள் ஏராளம். தாத்தாவின் முகம் வாக்காளர் அட்டையில் மட்டும் இருக்கும். பாட்டி யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில் ஓரமாக நிற்பார். இரண்டையும் வெட்டி ஒட்டி, ஒட்டின இடத்தைத் தூரிகையால் தீட்டி மறைத்து, அதை மறுபடி படமெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். நடுவீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் ஜோடிப் படங்களில் பல இப்படி உருவானவைதான். இப்போது அதே வேலையை இணையத்தில் சில நிமிடங்களில் செய்ய முடிகிறது. ஆனால் நன்றாகச் செய்வதற்கு அந்தப் பழைய ஸ்டுடியோக்காரரின் கண் வேண்டும்.

வெட்டுவதைக் கணினி கற்றுக்கொண்டுவிட்டது. 2018-இல் வந்த ரிமூவ்.பிஜி போன்ற தளங்கள் ஆளை அடையாளம் கண்டு பின்னணியை நொடிகளில் நீக்குகின்றன. ஆனாலும் அவை தடுமாறுவது விளிம்பில்தான். கலைந்த முடி, கொண்டையில் வைத்த மல்லிகைச் சரம், மெல்லிய முந்தானை, மூக்குக் கண்ணாடியின் உள்பக்கம் ஆகிய இடங்களில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இடங்களை மட்டும் மென்மையான தூரிகையால் கையாலேயே சரிசெய்ய வேண்டும். அழிப்பானால் அழிப்பதைவிட மாஸ்க் போட்டு மறைப்பது நல்லது. அழித்தது போனது போனதுதான், மறைத்ததைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனி லேயரில் வைத்துக்கொள்ளும் வசதி ஃபோட்டோஷாப்பில் 1994-இல்தான் வந்தது. இன்று பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபியா போன்ற கருவிகளில் லேயர், மாஸ்க் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

விளிம்பு சுத்தமாக இருந்தும் படம் ஒட்டாமல் நிற்கிறது என்றால் குறை வெளிச்சத்தில் இருக்கும். தாத்தாவின் மூக்கு நிழல் இடப்பக்கமும் பாட்டியின் நிழல் வலப்பக்கமும் விழுந்தால், எந்த மென்பொருளும் அவர்களை ஒரே அறையில் நிற்கவைக்காது. ஒருவரைப் படத்தோடு இடம் வலமாகத் திருப்பினால் சில சமயம் சரியாகிவிடும். ஆனால் அப்போது சட்டைப்பை, மூக்குத்தி, சேலைத் தலைப்பு எல்லாம் பக்கம் மாறும். வீட்டார் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். குண்டு பல்பு வெளிச்சம் மஞ்சள், டியூப்லைட் வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை. நிறச் சூட்டைச் சரிசெய்யும் பட்டையை நகர்த்தி இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவரலாம். பழைய படங்களுக்கு இன்னும் எளிய வழி, இரண்டையுமே கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுவது. கேமராவின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். மேலிருந்து எடுத்த முகத்தையும் நேராக எடுத்த முகத்தையும் பக்கத்தில் வைத்தால் யாரோ ஒருவர் குழியில் நிற்பதாகத் தோன்றும். இத்தனையும் ஒத்துப்போகும் படங்களைத் தேடி எடுப்பதற்குச் செலவிடும் நேரம், பிறகு பூசி மெழுகுவதற்குச் செலவிடும் நேரத்தைவிடப் பயனுள்ளது.

நினைவுக்காகச் சேர்ப்பது வேறு, நடந்ததாகக் காட்டுவது வேறு. 2003 மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஈராக்கின் பஸ்ரா அருகே எடுத்த ஒரு படம் வந்தது. பிரிட்டிஷ் வீரர் ஒருவர் மக்களைப் பதுங்கிக்கொள்ளச் சொல்லிக் கை காட்டுகிறார். எதிரே குழந்தையைத் தூக்கியபடி ஒருவர் வருகிறார். படம் பிரமாதமாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சிலர் இரண்டு முறை தெரிவதை வேறொரு பத்திரிகையில் இருந்தவர் கண்டுபிடித்தார். சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கியதைப் படம் எடுத்த பிரையன் வால்ஸ்கி ஒப்புக்கொண்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு படங்களும் தனித்தனியே உண்மைதான். சேர்ந்த படத்தில் இருந்த கணம் மட்டும் எப்போதும் நடக்கவில்லை. செய்தியில், வழக்கில், தேர்தல் மேடையில் இதற்கு மன்னிப்பு இல்லை என்பது சரியான தீர்ப்பே.

இணையத்தில் படம் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, படம் எங்கே போகிறது என்பது. சில தளங்கள் படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பி அங்கே சேர்த்துத் திருப்பித் தருகின்றன. சில, பிரவுசரில் இருக்கும் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் உங்கள் போனிலேயே வேலையை முடிக்கின்றன. பக்கம் முழுவதும் திறந்தபின் நெட்டை அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் வேலை நடந்தால் அந்தச் சேர்ப்பு போனுக்குள்ளேயே நடக்கிறது. நின்றுவிட்டால் அடையாள ஆவணங்களை அந்தத் தளத்தில் ஏற்றாதீர்கள். போனில் உள்ள கேலரியிலேயே பெரும்பாலும் கொலாஜ் வசதி இருக்கும், அது போதும். ஆதாரை யாருக்காவது அனுப்பத்தான் வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கங்களை மறைத்து ஆதார் ஆணையமே தரும் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி, ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள்.