கூண்டுக் கிளியும் வீட்டுப் பூச்சியும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கம்பிக்கூடு தொங்கிற்று. அதனுள்ளே பச்சையொன்றும் நீலமொன்றுமாக இரண்டு சிறு கிளிகள். கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்பார்கள். பட்ஜெரிகார் என்பது அவற்றின் பெயர், பிறந்தகம் அவுஸ்திரேலியா. பத்து வயது மகள் பல நாள் கெஞ்சிப் பெற்றுக்கொண்டவை. விடியற்காலையில் அவற்றின் கீச்சொலி கேட்டுத்தான் நான் கல்லூரிக்கு ஆயத்தமாவது வழக்கம்.

மாரிகாலத்து இரவொன்றில், மழைச்சாரலுக்குப் பயந்து கூட்டை உள்ளே எடுத்துக் குசினிக்கு அடுத்த அறையில் மாட்டியிருந்தோம். அன்றைக்கென்று குசினி அலுமாரியின் பின்னாலிருந்து கரப்பான் பூச்சிகள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டன. கடையில் வாங்கி வைத்திருந்த பூச்சிநாசினிப் பேணியை எடுத்தேன். மூலை முடுக்கெல்லாம் விசிறினேன். கதவு, யன்னல் யாவற்றையும் இறுகச் சாத்திவிட்டு, நல்ல காரியம் முடித்த நிறைவோடு படுத்துக்கொண்டேன். இரு அறைகளுக்கும் நடுவே கூரையோரத்தில் உள்ள காற்றுத்துவாரம் என் நினைவுக்கு வரவேயில்லை.

காலையிற் கீச்சொலி கேட்கவில்லை. “அப்பா, நீலக் கிளி ஏன் கீழ கிடக்குது? எழும்புதில்லை” என்று மகள் வந்து நின்றாள். பச்சைக் கிளி இறகுகளைச் சிலிர்த்தபடி கூட்டின் அடித்தட்டிலே குந்தியிருந்தது. வாய் திறந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலுங் கீழும் ஆடிற்று. அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன். “மருந்தடித்தீர்களா?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. விலங்கியலை ஓரளவு படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு சுட்டது என்பதை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை.

நமக்கு ஒன்றும் செய்யாத மருந்து கிளிக்கு எப்படி நஞ்சாயிற்று? மனிதருடைய நுரையீரலில் காற்று போன வழியே திரும்பி வருகிறது. பறவையின் உடலமைப்பு வேறு. அதன் நுரையீரலோடு காற்றுப்பைகள் பல இணைந்துள்ளன. அவை துருத்திபோல் இயங்கி, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரலூடாக ஒரே திசையில் ஓடும்படி செய்கின்றன. பறப்பதற்கு வேண்டிய பிராணவாயுவைப் பெறுவதற்கு இயற்கை வகுத்த ஏற்பாடு இது. பிராணவாயு இவ்வளவு இலகுவாக உட்புகும் வழியிலே நஞ்சும் இலகுவாகப் புகுந்துவிடுகிறது. மேலும், அந்தக் கிளியின் நிறை நாற்பது கிராமுக்கு உட்பட்டது. அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு விடுவது. நமக்குத் தும்மல் வரச் செய்யும் அளவு அதற்கு உயிராபத்து.

இந்த உண்மையைச் சுரங்கத் தொழிலாளர் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயு இருப்பதை அறிய, கனேரிக் குருவியைக் கூட்டோடு கொண்டுபோகலாம் என்று 1890களில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர் எடுத்துரைத்தார். மனிதன் மயங்குமுன் குருவி மயங்கும். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கத்தைக் கைவிடும் முடிவு 1986இலேதான் எடுக்கப்பட்டது. அங்கே குருவி விழுந்தவுடன் மனிதர் வெளியே ஓடினர். நானோ குருவி விழுந்துகொண்டிருக்கையில் நன்றாக உறங்கினேன்.

நிற்க. பறவைக்குத் தீங்கு என்பதற்காகப் பூச்சிகளை விட்டுவைக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். விட்டுவைக்க முடியாது. 2023ஆம் ஆண்டின் இறுதியிலே யாழ்ப்பாண மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் எவ்வாறு பெருகியது என்பதை நாம் மறக்கவில்லை. 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பின்னர் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் சில உயிர்களைப் பறித்தது. பழைய கதையும் உண்டு. 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா பல்லாயிரவரைக் கொன்றது. 1946இல் வீட்டுச் சுவர்களுக்கு டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கிய பின் நோய் தணிந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அது கண்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, அதே மருந்து பறவைகளை அழித்து வருவதைத் தம் நூலில் எடுத்துக்காட்டி உலகைத் திடுக்கிடச் செய்தார். ஒரே மருந்து நம் பிள்ளைகளைக் காத்தது; வேறிடத்தில் வயல்வெளிப் பறவைகளைக் கொன்றது. அதை வெறுமனே பழிப்பதும் நன்றியன்று, புகழ்வதும் முழு உண்மையன்று. ஆதலால், எதனை எங்கே எவ்வளவு பயன்படுத்துவது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

எங்கள் வீட்டில் அந்தச் சம்பவத்துக்குப் பின் நான் முதலிற் கண்டுபிடித்தது எனக்கே வெட்கமாயிருந்தது. கரப்பானையும் எலியையும் எறும்பையும் அழைத்து வந்தவை கிளிகளுக்கு நாங்கள் இட்ட தினைதான்! கிளி ஒரு மணியைத் தின்றால் இரண்டைச் சிந்தும். அது இரவு முழுவதும் தரையிற் கிடக்கும். கடதாசிப் பையிலிருந்த மிச்சத் தினையோ எலிக்கு விருந்து. இப்போது தினை மூடி இறுகிய தகரப் பேணியில் இருக்கிறது. பொழுதுபட்டதும் தீன்தட்டை எடுத்துவிடுகிறோம். கூட்டின் கீழே கூட்டித் துடைக்கிறோம். கிளிக்கு இரவில் தீன் தேவையில்லை. ஒரு மாதத்துக்குள் கரப்பான் பாதிக்குமேற் குறைந்துவிட்டது. எஞ்சியவற்றுக்குப் போரிக் பவுடரையும் சீனியையும் மாவுடன் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, அலுமாரியின் பின்னே பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்தோம். அது காற்றிற் கலவாது, உண்டதையே கொல்லும்.

எறும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூடு வைத்த மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைகளுள் நிறுத்துவது எங்கள் ஆச்சி காலத்து வழக்கம். பலகார அலுமாரிக்கும் அப்படித்தான். எறும்பு ஏறாது என்பது மெய்யே. ஆனால் டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுவதற்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை போதும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டைகள் சிரட்டைச் சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் உயிர்க்கும். “உப்புப் போட்டால் நுளம்பு வராதே, தம்பி” என்றார் அயல்வீட்டு ஆச்சி. அதுவும் நம்பத்தக்கதன்று. இந்த நுளம்புகள் யாழ்ப்பாணக் கரையோரத்து உவர்நீரிலும் வளர்கின்றன என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டியுள்ளனர். எனவே நாங்கள் சிரட்டைகளை எறிந்துவிட்டுக் கூட்டைக் கம்பியில் தொங்கவிட்டோம். கம்பியின் மேற்பகுதியில், கிளியின் அலகு எட்டாத உயரத்தில், கிறீஸ் தடவியிருக்கிறோம். கிளி குடிக்கும் கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வைக்கிறோம்.

நுளம்புத்திரி கொளுத்தும் வீடுகள் நம்மிடையே மிகப் பல. ஒரு திரி முழுவதும் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரையிலான புகைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. அடைத்த அறையில் கூண்டுக்குக் கீழே அதை ஏற்றி வைத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்டுச் சிலர், “அப்படியானால் வேப்பிலைப் புகை போடுவோம், சாம்பிராணி போடுவோம், அவை இயற்கையானவைதாமே” என்பார்கள். வேம்பின் புகையும் புகைதான். மூச்சுக்குழலுக்கு மூலிகை, மருந்து என்ற பேதம் தெரியாது. கூட்டின்மேல் நுளம்புவலை ஒன்றை இரவிற் போர்த்திவிடுவது எல்லாவற்றிலும் நல்லது; நகம் சிக்காதபடி கம்பியிலிருந்து சற்று விலகித் தொங்கவிட வேண்டும்.

எலிக்குப் பாஷாணம் வைப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். இரத்தம் உறையாமற் செய்து கொல்லும் மருந்துகளை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேர்கிறது. வளவிலுள்ள ஆந்தை ஒன்று எத்தனை பொறிகளுக்குச் சமம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. பொறிதான் சிறந்தது. அகப்பட்ட எலியை வெறுங்கையால் தொடாதிருக்க வேண்டும். எலிக்காய்ச்சற் கிருமி அதன் சிறுநீரிலுள்ளது.

கூட்டிலேயே குடியிருக்கும் பகைவன் ஒருவனும் உண்டு. கோழிச்செள் என்று சொல்லப்படும் சிவந்த நுண்ணுயிர், பகலில் மரத்தண்டின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து பறவையின் இரத்தத்தை உறிஞ்சும். ஐயமிருந்தால் கூட்டை இரவில் வெள்ளைத் துணியால் மூடிவைத்து, விடியுமுன் துணியின் உட்புறத்தைப் பாருங்கள். செம்புள்ளிகள் ஊர்ந்தால் அதுவே. கொதிநீரும் நமது வெயிலும் இதற்குக் கைகண்ட மருந்து. பறவையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கூட்டைக் கொதிநீரால் கழுவி வெயிலிற் காயவிட்டு, பழைய மரத்தண்டுகளை எரித்துவிட வேண்டும். கடுமருந்தை நாடியவர் கதையை ஐரோப்பா 2017இற் கண்டது. கோழிப்பண்ணைகளில் இந்தச் செள்ளை ஒழிக்கச் சட்டத்துக்கு மாறாகப் பிப்ரோனில் என்னும் நஞ்சைப் பயன்படுத்தியதால் அது முட்டையிற் கலந்து, இலட்சக்கணக்கான முட்டைகள் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன.

கறையானுக்கு மருந்திடாமல் பனஞ்சலாகைக் கூரையைக் காப்பது எல்லா நேரமும் இயலாது. அதற்குரிய ஆட்களை அழைத்தால், எந்த மருந்து என்று பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இடுகிறார்கள் என்றும் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லின் மேல் வாழும் நமக்கு ஆறில்லை. நிலத்தில் ஊற்றியது ஒருநாள் வாளியில் வரும். தோட்டத்துக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தை வீட்டில் ஊற்றுவது மாத்திரம் ஒருபோதும் வேண்டாம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் சில மருந்துகள் பறவைக்குச் சிறுதுளியிலும் கொடியவை.

பறவை மூச்சுத்திணறக் கண்டால் உடனே தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். இளஞ்சூட்டில், சத்தமில்லாமல் வைத்திருங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குட் போய்விடும். தாமதியாமல் மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். எங்கள் பச்சைக் கிளி அப்படித்தான் பிழைத்தது.

சென்ற மாரியில் எங்கள் ஒழுங்கைக்கு நுளம்புப் புகையடிக்க வந்தார்கள். வருவதாக முதல் நாளே சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் அன்று பாடசாலைக்குப் போகுமுன்னரே கூட்டைத் துணியால் மூடி, இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள அம்மம்மா வீட்டிற் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மாலையில் யன்னல்களைத் திறந்து, தரையைத் துடைத்து, கிண்ணங்களையெல்லாம் அவளே கழுவிய பிறகுதான் கிளி வீடு திரும்பிற்று. என்னை ஒன்றிலும் கைவைக்க விடவில்லை.